நெட்வொர்க் ஸ்விட்ச்: தனியாக நிறுவுவதும் ஸ்டாக்காக இணைப்பதும்

ஓர் அலுவலகத் தளத்தில் நூறு பேர் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி, ஐபி போன், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா, பிரின்டர் எல்லாவற்றையும் எண்ணினால், அவற்றை வலையமைப்பில் இணைக்கும் 48 போர்ட் (கேபிள் சொருகும் துளை) ஸ்விட்ச் ஒன்று போதாது, மூன்று வேண்டும். மூன்றையும் ரேக்கில் மாட்டிய பிறகு வருகிற கேள்விதான் புதிதாக வேலைக்கு வந்தவர்களைக் குழப்புகிறது. தனித்தனி ஸ்விட்சுகளாக வைத்துக்கொள்வதா, ஸ்டாக் கேபிள் போட்டு ஒன்றாக்குவதா?

பெரிய நிறுவனங்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசையை வைத்து விளக்குகிறேன். ஜூனிப்பரில் இதே வசதிக்கு வர்ச்சுவல் சேஸிஸ் என்று பெயர், அரூபாவில் வி.எஸ்.எஃப். கட்டளைகள் மாறும், யோசிக்கும் முறை பெரும்பாலும் மாறாது. இங்கே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

தனியாகவா, ஸ்டாக்காகவா

தனித்தனியாக வைத்தால் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு பெயர், ஓர் ஐபி முகவரி, ஒரு கான்ஃபிக் (அமைப்பு விவரங்களின் தொகுப்பு). மூன்று முறை உள்ளே நுழைய வேண்டும், ஒரு விலேனை, அதாவது ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த ஒரு வலையமைப்பை, சேர்க்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒன்றில் நீங்கள் செய்யும் தவறு மற்ற இரண்டைத் தொடாது. மென்பொருளை ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒன்று ரீபூட் ஆகும்போது மற்ற இரண்டில் இருப்பவர்கள் வேலையைத் தொடர்வார்கள்.

ஸ்டாக்கில் மூன்றும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச். ஓர் ஐபி, ஒரு கான்ஃபிக், 144 போர்ட். வெவ்வேறு பெட்டிகளில் இருக்கும் இரண்டு அப்லிங்க்கை (மைய ஸ்விட்சுக்குப் போகும் கேபிள்) ஒரே இணைப்பாகக் கட்ட முடியும் என்பதுதான் இதில் எனக்கு மிகப் பெரிய லாபமாகத் தெரிகிறது. ஒரு பெட்டி போனாலும் தளம் முழுவதும் கோரிலிருந்து (எல்லா ஸ்விட்சுகளும் போய்ச் சேரும் மைய ஸ்விட்ச்) துண்டிக்கப்படாது. இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. தவறான கட்டளை ஒன்று மூன்றையும் பாதிக்கும். மென்பொருள் மாற்றினால் சாதாரண முறையில் மூன்றும் ஒன்றாக ரீலோட் ஆகும்.

ஒரே ரேக்கில் பயனர்களுக்கான ஸ்விட்சுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் ஸ்டாக் போடுங்கள் என்பேன். வெவ்வேறு தளங்களில் இருந்தால் வேண்டாம். 9300-க்கு 50 செ.மீ., 1 மீட்டர், 3 மீட்டர் நீளங்களில்தான் ஸ்டாக் கேபிள் கிடைக்கிறது. மாடி விட்டு மாடி இழுப்பதற்கு உண்டானது அல்ல அது. இரவு பகலாக நிறுத்தவே முடியாத சர்வர்கள் இரண்டு ஸ்விட்சுகளில் மாட்டப்பட்டிருந்தால், அவற்றைத் தனித்தனியாகவே விட்டுவிடுங்கள். ஒன்றை நிறுத்திப் பராமரிக்கும்போது மற்றது ஓடட்டும்.

ரேக்கில் மாட்டுவது

ஒரு ஸ்விட்ச் 1 யூ உயரம், அதாவது 1.75 அங்குலம். ரேக் 19 அங்குல அகலம். கேஜ் நட்டுகளை முதலில் ரேக்கின் துளைகளில் பொருத்தி, காதுகளை (பக்கவாட்டு மாட்டிகளை) ஸ்விட்சில் திருகி, ஒருவர் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் ஸ்க்ரூ போடுங்கள். 9300-இல் காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும். அதனால் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டவோ, கேபிள் மூட்டையால் அடைக்கவோ கூடாது. எர்த் கம்பியை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள்.

பேட்ச் பேனலிலிருந்து மேசைக்குப் போகும் நிரந்தரக் கேபிள் 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் மாட்டும் பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர், ஆக மொத்தம் 100. இதைத் தாண்டினால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. அந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி.

போர்ட் வழியாகவே மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இல் வந்த 802.3ஏடி-யில் 30 வாட். 9300 வரிசையின் 48 போர்ட் 'பி' மாடலில் 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால் போர்ட்டுகளுக்குக் கிடைப்பது 437 வாட். ஆளுக்கு 30 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட் 14 மாட்டினால் தீர்ந்துவிடும். "48 போர்ட்டிலும் மின்சாரம் வரும்" என்று பெட்டியில் படித்துவிட்டு 48 கருவிகளை மாட்டப் போனால் பதினைந்தாவது எரியாது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று 'ஷோ பவர் இன்லைன்' காட்டும்.

தனி ஸ்விட்சின் முதல் கான்ஃபிக்

ஸ்டாக் போடப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஸ்டாக்குக்கும் இதே அடிப்படைதான், ஒரே முறை செய்தால் போதும் என்பதுதான் வித்தியாசம்.

கன்சோல் கேபிளை மடிக்கணினியில் மாட்டி, டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம். திரையில் புரியாத எழுத்துகள் ஓடினால் பெரும்பாலும் வேகம்தான் தவறு.

பெயரில் தொடங்குங்கள். தளம், அறை, வரிசை எண் மூன்றும் பெயரிலேயே தெரிய வேண்டும். நள்ளிரவில் அலாரம் வரும்போது எந்த மாடிக்கு ஓடுவது என்று அந்தப் பெயர்தான் சொல்லப்போகிறது. பிறகு நிர்வாகத்துக்கென்று ஒரு விலேன், அதில் ஓர் ஐபி, கேட்வே. பயனர்கள் இருக்கும் விலேனில் நிர்வாக முகவரியை வைக்காதீர்கள். எல்லா போர்ட்டும் ஆரம்பத்தில் விலேன் 1-இல் இருக்கும். பயனர்களையும் அங்கேயே விட்டுவிடுவது சோம்பேறித்தனம், அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது எஸ்.எஸ்.எச்., அதாவது மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் வழி. டொமைன் பெயர் கொடுத்து, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கி, யூசர் பெயரும் ரகசியச் சொல்லும் வைத்து, விடிஒய் லைன்களில் (தொலைவிலிருந்து நுழையும் வாசல்கள்) எஸ்.எஸ்.எச். மட்டும் அனுமதியுங்கள். டெல்நெட் கூடாது, கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகக் கேபிளில் போகும். நேரத்துக்கு என்.டி.பி. (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) வையுங்கள். மூன்று கருவிகளின் லாகில் மூன்று வெவ்வேறு நேரம் இருந்தால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது.

பயனர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டும் (கேபிள் மாட்டியதும் காத்திருக்காமல் போர்ட்டைத் திறப்பது), கூடவே பிபிடியூ கார்டும் (ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசும் செய்தி அங்கே வந்தால் தடுக்கும் காவல்) போடுங்கள். யாராவது மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்சை மாட்டி, அதன் இரண்டு முனையையும் சுவரில் சொருகினால் லூப் வரும், தகவல் முடிவில்லாமல் சுற்றும். பிபிடியூ கார்டு அந்த போர்ட்டை மூடிவிடும், ஒருவரோடு பிரச்சினை முடியும். இல்லாவிட்டால் தளமே நிற்கலாம்.

தனித்தனி ஸ்விட்சுகளாக வைப்பவர்கள் ஒவ்வொன்றையும் நேராகக் கோருக்கு இணையுங்கள். ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாக இழுத்தால் நடுவில் ஒன்று அணைந்ததும் பின்னால் இருப்பவை எல்லாம் போய்விடும். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் ரூட் (அதன் தலைமை ஸ்விட்ச்) யார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எல்லா ஸ்விட்சிலும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும். அது சமமாக இருக்கும்போது யாருடைய மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதித்த எண்) சிறியதோ அதுதான் ரூட். அது எங்கோ மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகவும் இருக்கலாம். இங்கே சிறிய எண்தான் ஜெயிக்கும், அதனால் கோர் ஸ்விட்சில் 4096 என்று வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. நீங்கள் முடிவு செய்யாத இடத்தில் மேக் முகவரி முடிவு செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டாக்கிலும் இதே கதை வரப்போகிறது.

பல விலேன்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் ட்ரங்க் போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே 10, 20 விலேன்கள் அனுமதிக்கப்பட்ட ட்ரங்கில் 30-ஐச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் 30' என்று தட்டினால் 10-உம் 20-உம் போய் 30 மட்டும் மிஞ்சும். 'விலேன்' என்ற சொல்லுக்குப் பிறகு 'ஆட்' வர வேண்டும். நீங்கள் அந்த ட்ரங்க் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால் அதோடு உங்கள் இணைப்பும் அறுந்துவிடும்.

தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யும்போது, கான்ஃபிக்கை முதலில் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். மாற்றம் உங்களை வெளியே தள்ளினால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீலோட் ஆகி, சேமித்த நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். கேன்சல் செய்ய மறந்தால் பட்டப்பகலில் ரீலோட் ஆகும், ஸ்டாக்காக இருந்தால் மொத்த ஸ்டாக்கும்.

ஸ்டாக்: கேபிளுக்கு முன்னால்

இனி ஸ்டாக். 9300-இல் இதற்கு ஸ்டாக்வைஸ்-480 என்று பெயர், அதிகபட்சம் எட்டு ஸ்விட்சுகள் சேரலாம். எல்லாம் 9300 ஆகவே இருக்க வேண்டும். 9200-ஐயோ 9300எல்-ஐயோ இதோடு கலக்க முடியாது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கொள்முதல் பிரிவினர் 9300எல் வாங்கிவிட்டால் அந்தப் பெட்டி தனியாகத்தான் ஓடும். ஆர்டர் போடும் முன் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

ஸ்டாக்கில் ஒரு ஸ்விட்ச் ஆக்டிவ், அதுதான் மூளை. ஒன்று ஸ்டாண்ட்பை, ஆக்டிவ் விழுந்தால் பொறுப்பேற்கும். மற்றவை மெம்பர்கள். யார் ஆக்டிவ் என்பது தேர்தலில் முடிவாகும். ஏற்கெனவே ஆக்டிவாக ஓடிக்கொண்டிருப்பதற்கு முதலிடம். அப்படி யாரும் இல்லையென்றால் முன்னுரிமை எண் அதிகமாக இருப்பது ஜெயிக்கும். அந்த எண் 1 முதல் 15 வரை, பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாவற்றிலும் 1. அது சமமாக இருந்தால் கடைசியில் சின்ன மேக் முகவரிக்குத்தான் வெற்றி.

ஒரு நுட்பம்: 120 வினாடிகளுக்குள் எழுந்த ஸ்விட்சுகள் மட்டுமே அந்தத் தேர்தலில் கலந்துகொள்ளும். முதல் ஸ்விட்ச் மட்டும் யூபிஎஸ் இல்லாத பிளக்கில் இருந்தால், மின்வெட்டு வரும்போதெல்லாம் அது அணைய, ஸ்டாண்ட்பை ஆக்டிவாகிவிடும். முதல் ஸ்விட்ச் திரும்பி வரும்போது முன்னுரிமை 15 இருந்தாலும் பதவி திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஆக்டிவுக்குத்தான் முதலிடம். ஸ்டாக்கின் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாதிரியான மின்சார ஏற்பாடு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே ஸ்டாக் கேபிளைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு ஸ்விட்சையும் தனியாக ஆன் செய்து கன்சோலில் நான்கு விஷயங்களை முடித்துவிடுங்கள். முதலாவது மென்பொருள், எல்லாவற்றிலும் ஒரே ஐஓஎஸ் எக்ஸ்இ பதிப்பு. இரண்டாவது லைசென்ஸ் நிலை, ஒன்றில் எசென்ஷியல்ஸும் இன்னொன்றில் அட்வான்டேஜும் இருக்கக் கூடாது. மூன்றாவது, ஸ்விட்சின் எண். புதிய பெட்டிகள் எல்லாம் தங்களை 1 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதில் 'ஸ்விட்ச் 1 ரீநம்பர் 2', மூன்றாவதில் 'ஸ்விட்ச் 1 ரீநம்பர் 3' கொடுங்கள். ரீலோட் ஆன பிறகுதான் புது எண் வரும், எனவே ஒருமுறை ரீலோட் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நான்காவது முன்னுரிமை: முதலாவதுக்கு 'ஸ்விட்ச் 1 பிரயாரிட்டி 15', இரண்டாவதுக்கு 'ஸ்விட்ச் 2 பிரயாரிட்டி 14'. மூன்றாவது 1-லேயே இருக்கட்டும். இந்த இரண்டு கட்டளைகளையும் கான்ஃபிக் மோடுக்குள் போகாமல் எனேபிள் நிலையிலேயே தட்ட வேண்டும்.

எண்ணைப் பெட்டியின் முகப்பில் லேபிளாகவும் ஒட்டுங்கள், மேலிருந்து கீழாக 1, 2, 3. போர்ட் பெயரில் முதல் எண்ணே ஸ்விட்ச் எண்தான். ஜிகாபிட் ஈதர்நெட் 2/0/17 என்றால் இரண்டாவது ஸ்விட்சின் 17-ஆவது போர்ட். ரேக்கில் நடுவில் இருப்பது மென்பொருளில் மூன்றாவதாக இருந்தால், என்றாவது ஒருநாள் யாரோ தவறான கேபிளைப் பிடுங்குவார்கள்.

கேபிள் போடுவது, எழுப்புவது

மூன்றையும் அணையுங்கள். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டாக் போர்ட் இருக்கும். முதல் ஸ்விட்சின் 2-ஐ இரண்டாவதின் 1-க்கும், இரண்டாவதின் 2-ஐ மூன்றாவதின் 1-க்கும் மாட்டுங்கள். பிறகு மூன்றாவதின் 2-இலிருந்து முதலாவதின் 1-க்கு ஒரு கேபிள் போட்டு வளையத்தை மூடுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் 50 செ.மீ. கேபிளே போதும். நடுவில் பேட்ச் பேனல் வைத்திருந்தால் மேலிருந்து கீழே வரும் கடைசிக் கேபிள் 1 மீட்டர் வேண்டியிருக்கும். முனையை நேராகச் செருகி, இரண்டு ஸ்க்ரூவையும் விரலால் இறுக்குங்கள். ஸ்டாக் போர்ட் அடிக்கடி விழுந்து எழுந்தால் முதலில் இந்த ஸ்க்ரூவைத்தான் நான் பார்ப்பேன்.

சிலர் கடைசிக் கேபிளைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது இல்லாமலும் ஸ்டாக் வேலை செய்யும். ஆனால் அது பாதி வளையம், பாதி வேகம். அதோடு நடுவில் ஒரே ஓர் இடம் அறுந்தால் ஸ்டாக் இரண்டாக உடையும். உடைந்த இரண்டு பாதியும் ஒரே கான்ஃபிக்கை வைத்துக்கொண்டு, ஒரே ஐபி முகவரியோடு வலையமைப்பில் நிற்கும். அந்தக் குழப்பம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியவே நேரமாகும்.

சரி, இப்போது மூன்றையும் ஒன்றாக ஆன் செய்யுங்கள். எழுந்து வரச் சில நிமிடம் ஆகும், அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். கன்சோலில் 'ஷோ ஸ்விட்ச்' தட்டினால் மூன்று வரி வரும். ஒன்று ஆக்டிவ், ஒன்று ஸ்டாண்ட்பை, ஒன்று மெம்பர் என்று இருக்க வேண்டும், மூன்றுக்கும் நிலை 'ரெடி'. ஏதாவது ஒன்றில் 'வி-மிஸ்மேட்ச்' என்று இருந்தால் அதன் மென்பொருள் பதிப்பு வேறு. அடுத்து 'ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்'. அதில் 480ஜி, 'ஃபுல்' என்று வந்தால்தான் வளையம் முழுமை. 'ஹாஃப்' என்றால் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

இதற்குப் பிறகு மேலே சொன்ன பெயர், ஐபி, எஸ்.எஸ்.எச்., விலேன் எல்லாவற்றையும் ஒரே முறை செய்து சேமியுங்கள். அப்லிங்க் இரண்டையும் எல்ஏசிபி-யில் (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் முறை) ஒரு குழுவாகக் கட்டும்போது ஒன்று முதல் ஸ்விட்சிலிருந்தும் மற்றது மூன்றாவதிலிருந்தும் போகட்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் மாட்டினால் ஸ்டாக் போட்டதன் பலனில் பாதி வீண். மறுமுனையில் கோரும் ஒரே ஸ்விட்சாகவோ, ஸ்டாக் மாதிரி ஒன்றாகத் தெரியும் ஜோடியாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குழு சேராது.

கட்டி முடித்ததும், பயனர்கள் வருவதற்கு முன்பே, ஆக்டிவின் பவரைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கிறதா, அப்லிங்க் அறுபடாமல் ஓடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தவிர்க்க ஆயிரம் காரணம் தோன்றும், ஒன்றையும் கேட்காதீர்கள்.

அன்றாட நிர்வாகம்

வளையம் 'ஃபுல்'தானா என்பதைக் கண்காணிப்பு மென்பொருளில் சேர்த்துவிடுங்கள். ஒரு கேபிள் தளர்ந்தால் பயனர் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் போகும்போதுதான் தெரியும்.

மென்பொருள் மாற்றத்துக்கு இரவு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். 'இன்ஸ்டால் ஆட்' கட்டளை புதிய மென்பொருளை எல்லா மெம்பருக்கும் பரப்பும், 'ஆக்டிவேட்' கொடுத்ததும் மொத்த ஸ்டாக்கும் ரீலோட் ஆகும். எழுந்ததும் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு 'கமிட்' கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் ஒரு நேரக்கெடு முடிந்ததும் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும்.

ஓடும் ஸ்டாக்கில் நான்காவது ஸ்விட்சைச் சேர்க்க வேண்டுமா? அணைத்த நிலையிலேயே கேபிளை மாட்டி, அப்புறம் ஆன் செய்யுங்கள். ஆன் செய்துவிட்டு மாட்டினால், இரண்டு ஆக்டிவ்கள் மோதி, தோற்ற பக்கம் ரீலோட் ஆகும். தோற்பது உங்கள் நூறு பேர் இருக்கும் பக்கமாகவும் இருக்கலாம். வளையத்தை விரிக்க ஓர் இடத்தில் மட்டும் கேபிளைக் கழற்றுங்கள், அப்போது மற்றவை பாதி வளையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நிரந்தரமாக ஒன்றை எடுத்துவிடுவதென்றால் அதை முதலில் அணையுங்கள், பிறகு கேபிள். அதன் போர்ட் வரிகள் கான்ஃபிக்கில் அப்படியே தங்கியிருக்கும். 'நோ ஸ்விட்ச் 4 ப்ரொவிஷன்' கொடுத்தால் போய்விடும்.

பழுதான மெம்பரை மாற்றும்போது அந்தத் தங்கிய வரிகளே உதவிக்கு வரும். இரண்டாவது ஸ்விட்ச் செத்துவிட்டது என்றால் அதே மாடல், அதே பதிப்பு, அதே லைசென்ஸ் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புதியதாக இருந்தால் அது தன்னை 1 என்று சொல்லும். 1 ஏற்கெனவே இருப்பதால் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணான 2-ஐ எடுத்துக்கொள்ளும், பழைய போர்ட் கான்ஃபிக் தானாக அதில் வந்து உட்காரும். கேபிள்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் எந்தக் கேபிள் எந்த போர்ட்டில் என்ற தேடலும் இல்லை.

ஆனால் மாற்றுப் பெட்டி வேறு ஸ்டாக்கில் இருந்த பழையதாக இருந்தால் கவனம் வேண்டும். 'ரைட் இரேஸ்' கொடுத்தால் கான்ஃபிக் மட்டும்தான் அழியும். ஸ்விட்ச் எண்ணும் முன்னுரிமையும் வேறோர் இடத்தில் சேமிக்கப்படுவதால் அப்படியே இருக்கும். பழைய இடத்தில் அதற்கு 15 கொடுத்திருந்தார்கள் என்றால், இன்று அமைதியாக மெம்பராகச் சேரும். அடுத்த முறை மின்சாரம் போய் எல்லாம் ஒன்றாக எழும்போது அதுவும் 15, உங்கள் முதல் ஸ்விட்சும் 15. ரேக்கில் மாட்டுவதற்கு முன்பே அதைத் தனியாக ஆன் செய்து 'ஷோ ஸ்விட்ச்' பாருங்கள், எண்ணை 2 என்றும் முன்னுரிமையைப் பழுதானதற்குக் கொடுத்திருந்த 14 என்றும் மாற்றுங்கள், விலேன் கோப்பையும் அழியுங்கள், அணையுங்கள், பிறகு ரேக்குக்குக் கொண்டுபோங்கள்.